வகுபடாத மனுக்கள்

இடமாற்றல் அலுவலகத்தில் எதையும் சமமாகத்தான் பிரிப்பார்கள். வந்த மனுக்களைப் பதிமூன்று எழுத்தர்களுக்கும் மிச்சமின்றிப் பங்கிட்ட பிறகே முதல் கட்டைப் பிரிக்கலாம் என்பது விதி. பொல்லாத விதி! கடைசி நாளில் கடைசி ஆளாக மனுப் போட்ட நர்சம்மாவுக்கு அது தெரியாது. அவளுடைய மூன்று வயது மகள் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் வளர்கிறாள். போன் செய்தால், "யாரு?" என்கிறாள். பெற்ற வயிறு பற்றி எரியாதா?

"சிஸ்டர், நீங்க வர்ற வரைக்கும் ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூத்தி இருபத்தெட்டு மனு. தலைக்கு எட்டாயிரத்து அம்பத்தாறு. கச்சிதம்!" கண்காணிப்பாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒண்ணைக் கொண்டாந்து குடியைக் கெடுத்துட்டீங்களே!"

"அந்த ஒண்ணை யாராவது சேர்த்துப் பாக்கக் கூடாதா, சார்?"

"யாரு? பேரைச் சொல்லுங்க, இங்கேயே அடிதடி ஆயிடும்."

"பதிமூணு வேண்டாம். வேற எத்தனை பேர்னா வகுபடும்னு பாருங்களேன்."

பார்ப்பதற்கு நிபுணர் குழு அமைந்தது. நர்சம்மாவின் மனுவையும் சேர்த்து வரும் ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது ஒரு பகா எண், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது, இது பிறவிக்குணமாகையால் எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை தேவையில்லை என்று எட்டு மாதம் கழித்துக் குழு அறிக்கை கொடுத்தது.

நர்சம்மா துள்ளிக் குதித்தாள். "ஒண்ணால வகுபடுதே, சார்! ஒரே ஆள்கிட்ட குடுத்துடுங்க!"

"அப்புறம் பன்னெண்டு பேர் எதுக்குன்னு மேலிடம் கேக்குமே? என் சீட்டைக் கிழிக்கப் பாக்கறீங்களா?"

ஆகவே இரண்டாவது வழி, அதே எண்ணால் வகுப்பது. மனுதாரர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள்தானே? அத்தனை பேரையும் தலைக்கு ஒரு மனு வீதம் தற்காலிக எழுத்தர்களாக நியமித்தார்கள். தன் மனுவைத் தானே பார்ப்பது முறையன்று என்பதால், ஆளுக்கு அடுத்தவர் மனு. ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆளில்லை, பள்ளியில் பாடம் நடத்த ஆளில்லை. ஆனால் வகுத்தல் மட்டும் சுத்தமாக முடிந்தது.

நர்சம்மாவுக்கு வந்தது ஒரு வாத்தியாரின் மனு. ஆள் நேரிலேயே வந்து நின்றார்.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, சிஸ்டர். ஒரே ஒரு கையெழுத்துதான்."

பாவம், மனுஷன்! பேனாவின் மூடியைத் திறந்தாள். அப்போதுதான் தன் மனு நினைவுக்கு வந்தது. அது யார் மேசையில் கிடக்கிறதோ!

"எனக்கே இன்னும் ஆகலை. உங்களுக்கு மட்டும் எப்படிங்க? அடுத்த வாரம் வாங்க."

வாத்தியார் தன் மேசைக்குத் திரும்பி, அங்கே காத்திருந்தவரிடம் அதையே சொன்னார்.