ஆனயானும் கடைசி பெஞ்சும்

"ஆனயான்" என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஜான்சியின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்துவிட்டது.

செம்பாக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை வேலைக்காக அவர் மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து போய்வரக்கூடிய மற்றப் பள்ளிகள் யாவும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று கூறி, சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டன. "இதுவும் இல்லன்னா பேசாம வீட்டுலயே இரு" என்று கணவர் கூறியிருந்தார்.

"ஆரம்பிச்சிடுங்க மிஸ், எக்ஸ்பர்ட் சார் வந்துடுவார்" என்று சொல்லி முதல்வர் அம்மையார் வெளியே போன சற்று நேரத்தில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

ஜான்சி வகுப்பின் பக்கம் திரும்பினார். "ஆனயான்னா நெகட்டிவ் சார்ஜ் உள்ள அயனி. குளோரைடு மாதிரி."

"ஏன் மிஸ் அந்தப் பேரு?" என்றாள் முன்வரிசை தீபா.

"கிரேக்கத்துல 'அனா'ன்னா மேலே. 'அயான்'னா போவது. மேலே போவதுன்னு அர்த்தம்."

மீசைக்காரரின் முகம் சுருங்கியது.

விளக்கம் போதவில்லை போலும். ஜான்சி அவசரமாகப் பீக்கர் ஒன்றை வரைந்தார். "கரைசல்ல கரண்ட் விட்டா, இது ஆனோடு பக்கம் போகும்."

"சைடுலதானே மிஸ் போகுது? மேலேன்னீங்க?" என்றான் ஆல்வின். வகுப்பு சிரித்தது.

மீசைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அது... பேர் வச்சவங்க சூரியனை நெனச்சுக்கிட்டாங்கப்பா. கரண்ட் கிழக்கேயிருந்து மேற்கே போறதா ஒரு கற்பனை. அது உள்ள நுழையற முனை, சூரியன் மேலே ஏறி வர்ற கிழக்கு. அதான் ஆனோடு, 'மேலேறும் வழி'. அதை நோக்கிப் போறது ஆனயான்."

"அப்ப தாம்பரத்துலேருந்து கிழக்கால ராஜகீழ்ப்பாக்கம் வர்ற ஷேர் ஆட்டோல்லாம் ஆனயானா மிஸ்?" என்றான் ஆல்வின் மறுபடியும்.

மீசைக்காரர் கைக்குட்டையால் முகத்தையே மூடிக்கொண்டார்.

ஜான்சிக்குத் தவறு எங்கே என்று விளங்கவில்லை. எனினும், பெரியவர் ஒருவர் இவ்வளவு வருந்தும்போது தாம் சரியாக இருப்பது மரியாதையாகாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்தார். அவ்வேளையில் இளைஞர் ஒருவர் ஓசையின்றி வந்து கதவருகே நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"மன்னிக்கணும் ஸ்டூடண்ட்ஸ். அது கிரேக்கம் இல்ல, லத்தீன். அர்த்தம்... கீழே போவது."

கைக்குட்டை விலகியது. மீசைக்காரரின் முகம் மலர்ந்தது. கதவருகே நின்ற இளைஞர் திரும்பி நடந்தார்.

மணி அடித்ததும் மீசைக்காரர் முன்னால் வந்தார். ஜான்சி கைகூப்பினார்.

"சார், கடைசியிலயாவது சரியா சொல்லிட்டேனுங்களா?"

"ஐயோ, நான் சார் இல்லைங்க மேடம், உங்களுக்கு அடுத்த டெமோ என்னுது, இதே பாடம், எல்லாத்தையும் கரெக்டா சொல்றீங்களேன்னு வெலவெலத்துப் போயிட்டேன், நல்லவேளை, எக்ஸ்பர்ட் சார் வாசல்ல வந்து நின்ன நேரம் பார்த்துத் தப்பா மாத்துனீங்க!"