போயிட்டு வரேன் என்றால் விலகியதாகுமா?

நன்னிலம்
17-9-1986

சிரஞ்சீவி மருமகன் தியாகராசனுக்கு மாமா சிவசங்கரன் எழுதுவது. நானும் உன் அத்தை சரசாவும் சௌக்கியம். அமெரிக்காவில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். எங்கள் நிம்மதியைக் கெடுக்க ஒரு பெட்டியை அனுப்பியவனுக்கு என்ன குறைச்சல்?

நான் சொல்வது, இருபது முகத் தாயக்கட்டை போட்டு விளையாடும் அந்தச் சண்டை விளையாட்டு. ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வாயாலேயே வெட்டிக்கொள்கிறோமே, அதுதான். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருப்பதால் அத்தைதான் நடுவர். எனக்கு எதிராளி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வீரையன். ஆமாம், நம் குத்தகை வழக்கின் எதிர்க்கட்சி வீரையனேதான். வழக்கு பதினோரு வருஷமாக நடக்கிறது. ஆட்சி மாறினால் ஃபைல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், அவ்வளவுதான். அதற்காக நாங்கள் பேசாமல் இருந்ததில்லை. கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில்தான் போவோம். உன் பெட்டி வந்துதான் அதற்கு வேட்டு வைத்தது.

புத்தகத்தில் ஒரு விதி உண்டு. எதிரி கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும்போது, நம் முறை வராவிட்டாலும் ஒரு வெட்டு வெட்டலாம். விலகும்போது என்றால் எப்போது? விலகுவதற்கு முன்னால் என்றால் அவன் இன்னும் விலகவேயில்லை. விலகிய பின் என்றால் கத்தி எட்டாது. இதைப் பெட்டிக்குள் போடுமுன் அந்த விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரன் யோசித்திருக்க வேண்டாமா?

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, வீரையனின் வீரன் மலையாண்டியும் என் ஆளும் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வீரையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, "அப்ப நான் போயிட்டு வரேங்க" என்றார். நான் விடுவேனா? "விலகிட்டீங்க, வெட்டு!" என்று கட்டையை உருட்டினேன். இருபது விழுந்தது. எட்டு மாதமாக வளர்த்த மலையாண்டி காலி.

வீரையனுக்கு முகம் சுண்டிப்போச்சு. "வீட்டுக்குப் போறதைச் சொன்னேங்க. அப்படியே வச்சிக்கிட்டாலும், போறேன்னா சொன்னேன்? போயிட்டு வரேன்னுதானே சொன்னேன். வர்றவன் எப்படிங்க விலகுனவன் ஆவான்?"

அத்தை புத்தகத்தைப் படக்கென்று மூடி, "அவர் சொல்றதுதாங்க நியாயம்" என்று சொல்லிவிட்டாள்.

நான் எப்படி ஒத்துக்கொள்வேன், சொல்லு. வழக்கே அதுதானே! நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுத வீரையனின் அப்பா ரெத்தினம், மகள் பிரசவத்துக்கென்று திருக்காட்டுப்பள்ளி போய் நாலு மாதம் வரவில்லை. ஆள் நிலத்தை விட்டு விலகிவிட்டார் என்று என் அப்பா ஆறு மா நிலத்தையும் எடுத்துக்கொண்டார். இங்கே மலையாண்டியைப் பிழைக்க விட்டால் அங்கே நிலம் போய்விடாதா? "விலகுனது விலகுனதுதான்!" என்று கத்தினேன். மனுஷர் படியிறங்கிப் போய்விட்டார். போன ஞாயிறு வரவில்லை. அத்தை மூன்று டம்ளர் காபி போட்டுவிட்டாள், மூன்றாவதையும் நானே குடித்தேன். எனக்கு வெட்கமென்ன, அவர் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

ஆகவே, வெட்டு எந்த நொடியில் விழும் என்று கம்பெனியிடம் கேட்டு, முத்திரை குத்திய கடிதம் ஒன்று வாங்கி அனுப்பு. எனக்குச் சாதகமாக இருக்கட்டும்.

படிப்பிலும் சாப்பாட்டிலும் குறை வைக்காமல் நூறு வருஷம் நன்றாயிரு.

அன்புள்ள மாமா,
சிவசங்கரன்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடுமுன் வாய்தா வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகும்போது ரெத்தினம் என்ன சொன்னார் என்று கோர்ட்டில் விசாரணை அதிகாரி கேட்டார். அன்றைக்கு நான் வாசலில்தான் நின்றேன். "போயிட்டு வரேன்னு சொன்னாருங்க" என்று வாயில் வந்துவிட்டது. நம் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆறு மாவும் போனதாகவே வைத்துக்கொள். திரும்பும்போது பஸ்ஸில் வீரையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல, "மலையாண்டி இருக்கானாங்க?" என்றார். இருக்கிறான் என்றேன். கம்பெனிக்கு எழுதாதே. ஆனால் என்றைக்காவது அவர் வாய் தவறி வெறும் 'போறேன்' என்று சொல்லட்டும், அப்போது இருக்கிறது!