தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் கொப்பரை

இன்று உங்களுக்கு ஓர் இனத்தாரை அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்கமாட்டார்கள். பேசுவார்கள், அவ்வளவுதான். அதிலும் சுத்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். எந்தப் பொருளை எப்படிக் கழற்ற வேண்டும், எதில் ஊறவைக்க வேண்டும், எந்தப் பக்கம் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும் என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கை நனைந்தே இருக்காது. ஆனாலும் துடைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் ஷெபாய்கன் என்ற ஊரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் லைல் ஹெப்னர். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். அவருடைய கார் பனியில் வெளியே நிற்கும், கொப்பரை கராஜுக்குள் கதகதப்பாக இருக்கும். அந்தக் கொப்பரையின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இன்னோர் அடி உண்டு: சிறுசிறு துளைகள் போட்ட வட்டமான எஃகுத் தட்டு. பொய்த்தட்டு என்போம். வெந்நீரில் வெந்த மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், சக்கை தட்டின்மேல் தங்கிவிடும். இனிப்புச் சாறு துளைவழியே கீழே இறங்கி, ஒரு வளைந்த குழல் வழியாகக் குழாய்க்கு வரும். வந்தால் பீர். வராவிட்டால் ஒரு கொப்பரை சூடான கஞ்சி.

இந்தத் தட்டைப் பற்றி லைல் பேசாத கூட்டம் கிடையாது. ஊர்ப் பீர்க்காரர் சங்கத்தில் யாராவது, "இந்த வாட்டி என் பீர் கொஞ்சம் ஒருமாதிரி..." என்று ஆரம்பித்தால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"தட்டைக் கழட்டினியா?"

"மேல நல்லாத் தேச்சு..."

"மேல எவன் வேணா தேய்ப்பான்யா. கீழ பாத்தியா? குழலுக்குள்ள பாத்தியா? டார்ச் அடிச்சுப் பாத்தியா?"

கேட்டவன் தலையைக் குனிந்துகொள்வான். அவருடைய மனைவியின் தம்பி கர்ட் இருக்கிறானே, அவனும் பீர் காய்ச்சுகிறவன், அவன் பாடு இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்குப் போனால், மற்றவர்கள் கறியைப் பார்க்க, இவர் நேரே அவனுடைய கராஜுக்குப் போய் மண்டியிட்டு, கொப்பரைக்குள் தலையை விட்டு, மூக்கை உறிஞ்சி, எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்வார். சொல்லியிருந்தாலாவது கர்ட் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

சரி, இவர் தன் கொப்பரையை எப்படிக் கழுவினார்? நல்ல கேள்வி. காய்ச்சி முடிந்ததும் சக்கையை வாரிக் கொட்டுவார். வெந்நீர் நிரப்புவார். சோப்புத்தூளை ஒரு கரண்டி தாராளமாகப் போடுவார். மூடியை வைத்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டி, "ஊறட்டும்" என்பார். பிறகு சோபா, தொலைக்காட்சி, கால்பந்து. அடுத்த தடவை காய்ச்சப் போகும்போது மூடியைத் திறந்தால் தட்டு பளபளவென்று மின்னும், குழலில் ஊதினால் காற்று அந்தப் பக்கம் சீறிக்கொண்டு வரும். முதல் தடவை இப்படி நடந்தபோது மனைவி ரோண்டா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பாத்தியா? ஊறவெச்சாப் போதும், அதுவே விட்ருது" என்றார் லைல்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று பிறந்தது ஒரு தத்துவம். நல்ல தூளாக இருந்தால், பொறுமையாக ஊறவைத்தால், கொப்பரை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று சங்கத்தில் அறிவித்தார். அப்படியானால் கழற்றித் தேய்க்கச் சொன்ன பழைய உபதேசம் என்னாயிற்று என்று கேட்கிறீர்களா? அது மற்றவர்களுக்கு. நம்பி ஊறவைத்தவர்களின் தட்டில் பூஞ்சணம் பிடித்தது. "உங்களுக்குப் பொறுமை பத்தாது" என்று ஒரே வார்த்தையில் கேஸை மூடிவிட்டார்.

இப்படி இருக்கையில் அவருடைய ஒரே மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் அப்பாவிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. "மண்டபத்துல கடை பீர் வேண்டாம்ப்பா. உன் பீர்தான் ஊத்தணும்" என்று மட்டும் சொன்னாள். எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கிற மனிதர் எதையோ தேடுகிறவர்போலக் கராஜுக்குள் போய்விட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கேலி செய்கிறேனே தவிர, இதை மறைக்கமாட்டேன்.

இதற்கிடையில் ரோண்டாவின் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். ரோண்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிரீன் பே ஊரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கொப்பரை வழக்கம்போல ஊறிக்கொண்டிருந்தது.

காய்ச்சின பீர் பக்குவப்பட நாள் வேண்டும். தள்ளித் தள்ளிப் போட்டு, இதைவிட்டால் கல்யாணத்துக்கு ஆகாது என்கிற சனிக்கிழமை வந்தது. கர்ட் உதவிக்கு வந்தான். பிரிட்டா வேடிக்கை பார்க்க வந்தாள். லைல் மூடியைத் திறந்தார். தட்டின் மேற்புறம் ஏறக்குறைய சுத்தமாகத்தான் இருந்தது. பளபளப்புக் கொஞ்சம் குறைவு, வெளிச்சம் போதாது என்று நினைத்துக்கொண்டார். பழைய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, ஒருமுறை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, மால்ட்டைக் கொட்டிக் கிளறினார். கிளறும்போதே தட்டுக்குக் கீழே சுத்தம் செய்வதன் அருமையை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

வெந்து முடிந்தது. "இப்பப் பாரு கண்ணு" என்று குழாயைத் திறந்தார்.

ஒரு சொட்டு வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

"என்னப்பா, வரலையே?"

"வரும் வரும். மால்ட்டை உங்க மாமன் மாவா அரைச்சுட்டான்."

"வழக்கமா அரைக்கிறதுதான் மச்சான்" என்றான் கர்ட்.

"அப்ப தண்ணி சரியில்ல. இந்தக் குளிருக்கு வேற எல்லாம் இறுகிப் போயிருக்கும்." குழாயைத் தட்டினார், அசைத்தார், வாய் வைத்து ஊதினார். குழாய் பதிலுக்கு அவர் முகத்தில் ஒரு வாடையை விட்டது. அழுகிய வைக்கோல் வாடை. மூன்று பேருக்கும் அடித்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கர்ட் தொண்டையைச் செருமினான். எத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருந்தானோ! "மச்சான்... தட்டுக்குக் கீழ பாத்தீங்களா?"

சக்கை முழுவதும் குப்பைக்குப் போனது. கல்யாண பீருக்கான மால்ட் கண்ணெதிரே ஆவி பறக்கப் போயிற்று. லைல் தட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சாய்த்தார், நெம்பினார், கொப்பரையையே காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். ஊருக்கெல்லாம் கழற்றச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் தட்டு எப்படிக் கழலும் என்று தெரியவில்லை.

"அம்மாவுக்குப் போன் போடட்டுமா?" என்றாள் பிரிட்டா.

"அவளுக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

பிரிட்டா போட்டுவிட்டாள். எல்லோர் கையும் கஞ்சியாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட வேண்டியதாயிற்று.

"ரோண்டா, இந்தத் தட்டு..."

"வரமாட்டேங்குதா? ஏய்யா, இழுத்தா எப்படி வரும்? குழாய்க்கு உள்பக்கம் ஒரு நட்டு இருக்கும், அதை முதல்ல லூஸ் பண்ணு. குழல் தனியா வரும். அப்புறம் தட்டை ஒரு பக்கமாச் சாய்ச்சுத் தூக்கணும். கீழ சக்கை அப்பிக்கிட்டு இருக்கும், பழைய டூத் பிரஷ் ஒண்ணு சிங்க் கீழ வெச்சிருக்கேன். குழலுக்குள்ள துணியைத் திரிச்சு விட்டு இழு. திருப்பி மாட்டுறப்போ ரப்பர் வளையம் மடங்காமப் பாத்துக்க."

லைல் கொப்பரைக்குள் கையை விட்டுத் தடவினார். நட்டு இருந்தது.

"இதெல்லாம்... நீ எப்ப...?"

"ஒவ்வொரு தடவையும்தான். பின்ன, ஊறி ஊறி நட்டு தானாக் கழண்டுச்சுன்னா நெனச்ச?"

லைலுக்குக் காது சிவந்துவிட்டது. கர்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. பிரிட்டா சிரிக்கவில்லை. டூத் பிரஷை எடுத்துக்கொண்டு வந்து அப்பா கையில் கொடுத்தாள். கர்ட்டும் நல்லவன்தான். தன் வீட்டுக்கு ஓடித் தனக்கு வைத்திருந்த மால்ட்டை எடுத்துவந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக லைல் ஹெப்னர் ஒரு பொய்த்தட்டின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார், தேய்த்தார், மாட்டினார். வளையம் மடங்கியது. மறுபடி மாட்டினார். இருட்டும் நேரத்தில் சாறு வந்தது.

கல்யாணத்தில் பீர் நன்றாகவே இருந்தது. மனிதர் திருந்தினாரா? சங்கத்து ஆட்களை ஒரு மூலையில் நிறுத்தி, "முதல்ல உள்பக்கத்து நட்டு, அப்புறம் குழல். இது நானே கண்டுபிடிச்ச முறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மேசை தள்ளி ரோண்டா தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு, இன்னொன்று வாங்கிவரும்படி அவருக்கே ஜாடை காட்டினாள். பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும். அதன் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி, மூடிக்குள் ஒரு வடிகட்டி. அதை மாதாமாதம் கழற்றிக் கழுவ வேண்டும். "அப்படி ஒன்று இருக்கிறதா என்ன?" என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். அடுத்த அறையில் இருப்பவர் காதில் விழும்.