பச்சைப் புழுவும் என் எறும்புப் படையும்

நான் ஒரு புழுவிடம் தோற்றிருக்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பச்சைப் புழு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. அது எங்கள் வீட்டில் வளர்ந்த புழு.

கல்யாணமான புதிதில் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்குக் குடிவந்தோம். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மாமியார், தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடியைக் கொடுத்தனுப்பினார். "பத்திரமா பார்த்துக்குங்க மாப்ள" என்றார். 'உங்களால முடியுமா?' என்றுதான் என் காதில் விழுந்தது. (நியாயமான சந்தேகம். நான் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன். செடிக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாது.)

அவர் முதன்முதலாக வீட்டுக்கு வரவிருந்த வாரம், செடியில் பாதி இலையைக் காணோம். கிளைகளில் கொழுகொழுவென்று நான்கு புழுக்கள்.

"மருந்து அடிச்சிரலாமா?" என்று மனைவி மாலதியிடம் கேட்டேன்.

"சாம்பார்ல போடுற இலைலா அது! கையால எடுத்துப் போடுங்க."

கையால் தொட எனக்குப் பயம். அதை வெளியே சொல்லாமல், 'இயற்கை முறை' என்று அறிவித்தேன். முசுறு எறும்புகள் புழுக்களைத் தின்றுவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். (மலாய் மொழியில் அதற்குக் கெரெங்கா என்று பெயர். கடிபட்டவர்கள் வேறு பெயர்கள் சொல்வார்கள்.) கார் நிறுத்துமிடத்து மாமரத்தில் அவை இலைகளைப் பின்னிக் கட்டிய கூடு ஒன்று இருந்தது. ஞாயிறு காலை அதைக் கிளையோடு வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, லிஃப்டில் கொண்டுவந்து செடியில் கட்டினேன். பையைக் கிழிக்கும் நேரத்தில் மாமியார் வந்து நின்றார்.

"என்னா மாப்ள இது?"

"எறும்பு, அத்தை. இப்பப் பாருங்க வேடிக்கைய."

பார்த்தார். முதல் எறும்பு விறுவிறுவென்று ஏறி, பெரிய புழுவைக் கவ்வப் போனது. புழு தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து, பாம்பு நாக்கைப் போல் இரண்டாகப் பிளந்த ஈரமான சிவப்புக் கொம்பு ஒன்று சடாரென்று வெளியே வந்தது. கூடவே, அழுகிய ஆரஞ்சுப் பழத்தைக் காடியில் ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். புழு வளைந்து, அந்தக் கொம்பை எறும்பின் முகத்தில் தடவியது. எறும்பு தடுமாறி, மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தது. அடுத்ததற்கும் அதே மரியாதை. மூன்றாவது தூரத்திலேயே மோப்பம் பிடித்து வழியை மாற்றிக்கொண்டது.

அது மாற்றிக்கொண்ட வழி, செடியைப் பிடித்திருந்த என் கை.

பின்னால் படையே வந்தது. என் சட்டைக்குள் ஒரு பிரிவு, அத்தையின் சேலைக்குள் ஒரு பிரிவு. நான் சட்டையைக் கழற்றி வீசிக் குதித்தேன். அத்தை சேலையை உதறிக்கொண்டு, "அய்யோ, கடிக்குதே! மாலதி, தண்ணி கொண்டாடி!" என்று குதித்தார். மாலதி ஒரு வாளித் தண்ணீரை எங்கள் இருவர் மேலும் ஊற்றினாள். கம்பிக் கதவு வழியே பார்த்த எதிர்வீட்டுச் சீன அக்கா, இன்று இந்தியர்களுக்கு என்ன பெருநாள் என்று மலாயில் மரியாதையாக விசாரித்தார்.

சொட்டச் சொட்ட நின்றேன். இனி அந்தக் குடும்பத்தில் எனக்கு இடமில்லை என்றே நினைத்தேன். கழுத்தெல்லாம் தடித்துப்போன அத்தை என்னிடம் வரவில்லை. நேரே செடியிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

"நாலும் இருக்கு மாப்ள! ஒன்னுகூட எடத்த விட்டு நகரல."

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்லும் தாயின் குரல் அது. "நான் குடுத்த செடியத் தின்னு வளர்ந்ததுலா. சும்மாவா?" என்றார். அத்தனை எரிச்சலிலும் எனக்கும் நெஞ்சு விம்மியது. (எறும்புக்கடி வீக்கத்தைக் கழித்துத்தான் சொல்கிறேன்.)

"தின்னட்டும், விட்டுருங்க. நமக்கு எல பசார்ல கெடைக்கும்" என்று தீர்ப்பும் சொன்னார்.

இன்றுவரை அதுதான் சட்டம். இப்போதும் உறவினர்கள் கூடினால் அத்தை ஆரம்பித்துவிடுவார்: "எங்க மாப்ள அடியாள் வச்சுப் புழுவ மிரட்டப் பாத்தாரு. அடியாளுங்க கட்சி மாறி இவரையே கடிச்சிட்டானுங்க!"

எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு எழுந்து, தலைக்குப் பின்னால் இரண்டு விரல்களை நீட்டி, அந்தப் புழு கொம்பைக் காட்டிய விதத்தை நடித்துக் காட்டுவேன். குடும்பத்தில் பலர் முயன்றிருக்கிறார்கள். என் அளவுக்கு யாருக்கும் வரவில்லை.