தோட்டக்காரரும் இரண்டு சாய்கோடும்

நீங்கள் மும்முரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவர் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்து, அதன் நுனியிலிருந்து இரண்டு கோடுகளைப் பிரித்துவிடுகிறாரா? உஷார். மர இனத்தைச் சேர்ந்த ஓர் ஆசாமியிடம் மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் சொல்வதை அவர் கேட்கவில்லை, வரைந்துகொண்டிருக்கிறார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் தங்கையைக் கட்டியவர். மனிதர்கள் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறமாதிரி மாற்றிக் கொடுக்கக் கம்பைலர் என்று ஒன்று உண்டாம். அந்தக் கம்பைலர் ஒரு வரியைப் படித்ததும், மற்ற வேலையெல்லாம் பிறகு என்று, முதலில் அதை ஒரு மரமாகப் போட்டுக்கொள்ளுமாம். எந்த மாதிரி வரிக்கு எந்த மாதிரிக் கிளை என்று தீர்மானிப்பதுதான் இருபது வருஷமாக எங்கள் மாப்பிள்ளையின் உத்தியோகம். ஆபீஸில் அவருக்குத் 'தோட்டக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டு பால்கனியில் அவர் பொறுப்பில் விட்ட மூன்று தொட்டிச் செடிகளும் காய்ந்து விறகாகி நிற்பது ஆபீஸுக்குத் தெரியாது.

மரம் என்றால் தலைகீழ் மரம். வேர் மேலே, இலை கீழே. இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று எழுதினால், கூட்டல் குறி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் மூன்றும் அதன் கீழே இரு பிள்ளைகளாகத் தொங்கும். 'இப்படியென்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று எழுதினால் உச்சியில் ஒரு 'என்றால்', அதற்கு மூன்று பிள்ளைகள்: நிபந்தனை ஒன்று, நடந்தால் செய்வது ஒன்று, நடக்காவிட்டால் செய்வது ஒன்று. கிளை பிரிகிற ஒவ்வோர் இடத்துக்கும் கணு என்று பெயர். அடைப்புக்குறி, வரி முடிவில் வைக்கும் புள்ளி இதெல்லாம் மரத்தில் ஏறாது. மரத்தின் உருவத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுவதால் அவற்றுக்கு வேலை இல்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் முதல்தடவையாக என் வீட்டுக்கு வந்த அன்றே, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் இவ்வளவையும் எனக்கு வரைந்து காட்டிவிட்டுத்தான் மனிதர் காபியைத் தொட்டார்.

அச்சகத்தில் பிழை திருத்தி வயிறு வளர்க்கிற எனக்கு அது அன்றைக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. சுத்தமான ஆள், எதையும் அதனதன் இடத்தில் வைக்கிறவர், தங்கை நன்றாக இருப்பாள் என்று நினைத்தேன்.

வைத்தார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில்தான் வைத்தார். மரத்திலுள்ள ஒவ்வொரு கணுவும், தான் எந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் பிறந்தோம் என்று குறித்துவைத்துக்கொள்ளுமாம். பிழை வந்தால் இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டுமே! இந்த நல்ல பழக்கத்தோடு ஒரு மனிதர் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"என்னிக்காவது நான் சொல்றதக் காதுல வாங்கியிருக்கீங்களா?" என்பாள் தங்கை.

"இதே வாக்கியத்தைப் போன மாசம் மூணாந்தேதி சொன்னே. அதுக்கு முன்னாடி, ஜன்னலுக்குத் திரை மாட்டினப்ப, ரெண்டாவது வாக்கியமா சொன்னே. வாங்காமலா இவ்வளவு ஞாபகம் இருக்கு?" என்பார் இவர்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். குரலை உயர்த்த மாட்டார், சொன்ன வேலையைத் தட்ட மாட்டார். திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை நீங்கள் எத்தனை தினுசாக எழுதினாலும் கம்பைலர் ஒரே கணுவாகச் சுருக்கிவிடும் என்பதால், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மாமியாருக்குப் போன் செய்வது மூன்றும் அவருக்கு ஒரே வேலைதான்: முடிகிற வரைக்கும் செய், பிறகு நிறுத்து. என் அம்மாவிடம் போனில் பேசி முடித்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். புரியாத வரி ஒன்று வந்தால் கம்பைலர் அதற்காக நின்றுவிடாதாம். 'பிழை' என்று ஒரு கணு போட்டு அதற்குள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுமாம். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அவருடைய அந்தக் கணுவுக்குள்தான் இருக்கிறோம்.

ஆபீஸில் எப்படி என்று கேட்கிறீர்களா? ஒருநாள் மத்தியானம் தங்கை கொடுத்தனுப்பிய மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். கண்ணாடிச் சுவர் போட்ட அறைக்குள் ஆறு பேர். 'மழை பெய்தாலொழிய குடை எடுக்காதே' என்கிற மாதிரி ஒரு வரி வந்தால் அந்த 'ஒழிய'வுக்குத் தனிக் கணு கொடுப்பதா, அல்லது பழைய 'என்றால்' கணுவிலேயே நிபந்தனையைத் தலைகீழாகத் திருப்பிவைத்தால் போதுமா என்று விவாதம். இரண்டு மணி நேரம் நடந்தது. மேலாளர் கன்னத்தில் கைவைத்தபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். வெளியே வந்தபோது நிஜமாகவே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆள் குடை கொண்டுவரவில்லை.

இந்த இடத்தில் என் மனைவி அறை வாசலில் வந்து நின்று, "நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். சொட்டு மருந்து விட்டுட்டாங்கன்னா திரும்பி வர்றப்ப ஒண்ணும் சரியாத் தெரியாது, தனியா போறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அது கிடக்கட்டும், நாம் விஷயத்துக்கு வருவோம்.

விஷயம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகை. வாய்ப்பேச்சில் குழப்பம் வருகிறது என்று மாப்பிள்ளை செய்த ஏற்பாடு அது. செய்ய வேண்டியதைத் தங்கை அதில் அவருடைய மொழியிலேயே எழுதிவிட வேண்டும்: 'சோப்பு தீர்ந்திருந்தால்: வாங்கு. இல்லாவிட்டால்: சும்மா இரு.' அவர் காலையில் வந்து, பலகையைப் பார்த்து, தன் நோட்டில் மரமாக வரைந்துகொண்டு, பலகையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, மரத்தில் உள்ளபடி மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் செய்து முடிப்பார். ஒன்றுகூட விட்டுப்போகாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழியைக் கற்றுக்கொடுத்தபோது இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு சாய்கோடு போட்டுட்டு அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் எழுதலாம். அதுக்குப் பேரு குறிப்பு. எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு மத்த மனுஷங்களுக்குச் சொல்றதுக்கு. கம்பைலர் அதை வாசல்லயே கழிச்சுக் கட்டிடும். மரத்துல ஏறாது."

"மத்த மனுஷங்களுக்கா?" என்று கேட்டாளாம் தங்கை.

"ஆமா."

அவள் அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து சோப்புக்கும் பருப்புக்கும் பக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். '// முதுகு இன்னிக்கும் வலிக்குது.' '// நேத்து நீங்க சிரிச்சது நல்லா இருந்துச்சு.' '// பதினோரு வருஷம் ஆச்சு இன்னியோட.' சோப்பு வந்தது. பருப்பு வந்தது. பலகை துடைக்கப்பட்டது.

தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் பதினாலு வருஷமாக இருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி, அங்கே லேப் முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. வருகிறேன், வரவில்லை என்று வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று மத்தியானமே அச்சகத்துக்குப் போன் செய்தாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?" என்றேன்.

"சாயங்காலம் சொல்லணும் அண்ணா. அவர் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாப் போதும், எங்க இருந்தும் பார்க்கலாம். நானும் வரேன்னு சொன்னார்னா அப்பவே சரின்னு எழுதிடுவேன். போகாதே, நீ இல்லாம முடியாதுன்னு சொன்னாக்கூட சந்தோஷம்தான், இங்கேயே இருந்துடுவேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் அவர் வாயால வரணும். அவ்வளவுதான்."

அவள் அனுமதி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சம்பாதிக்கிறவள், தன்னால் முடிவெடுக்கத் தெரிந்தவள். ஒரு வார்த்தை கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போன். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை.

"சொன்னேன் அண்ணா. மரம் வரைஞ்சார்."

உச்சியில் 'என்றால்' போட்டாராம். இடது பக்கம் 'போவதென்றால்': வீடு பார், ஜாமான் கட்டு, ரயில் டிக்கெட் எடு. வலது பக்கம் 'போகாவிட்டால்': நன்றி சொல்லிக் கடிதம் எழுது. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். "எனக்குப் பயமாவும் இருக்குங்க, ஆசையாவும் இருக்கு" என்று அவள் சொன்னது மரத்தில் எங்கேயும் இல்லை. வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா வந்திருக்கு. நிபந்தனை மட்டும்தான் பாக்கி. நீ போறியா இல்லையான்னு முடிவு பண்ணிட்டேன்னா மீதி எல்லாம் தானா ஓடிடும்" என்றாராம். நிஜமாகவே உதவி செய்துவிட்ட திருப்தியோடு சாப்பிடப் போனாராம்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு முழுப் பக்கத்தைப் பிழையோடு அச்சுக்கு அனுப்பினேன். ஆனால் நானும் போய்ப் பேசவில்லை. மாப்பிள்ளை விஷயத்தில் தலையிடக் கூடாது என்று ஒரு மரியாதை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பும் முன் தங்கை பலகையில் எழுதினாள். இனிமேல் அவருடைய மொழியிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு.

'பால் இருந்தால்: காய்ச்சு. இல்லாவிட்டால்: வாங்கு. // நாளைக்குப் பன்னிரண்டு மணிவரைதான் நேரம். வான்னாலும் சரி, போகாதேன்னாலும் சரி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.'

பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுதியிருந்தாள். ஒன்பது வார்த்தை எழுதினாலே கை வலிக்கிறது என்பவள். மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், நோட்டில் வரைந்தார்: உச்சியில் 'என்றால்', கீழே மூன்று பிள்ளைகள். துடைத்தார். பால் இல்லை. போய் வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பது வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு 'வருகிறேன்' என்று பதில் அனுப்பிவிட்டு, அடுத்த ரத்தக் குழாயை எடுத்தாளாம்.

சனிக்கிழமை நான் போயிருந்தபோதுதான் அவரிடம் சொன்னாள். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், தனியாகப் போகிறேன், வீடு ஒற்றை அறையாகப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் விரல் மேசைமேல் ஒரு கோடு இழுக்கத் தொடங்கி, பாதியில் நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எழுதினேனே."

"எங்க?"

"வியாழக்கிழமை. பலகையில. ரெண்டு கோடு போட்டு."

"அது குறிப்பும்மா," என்றார் அவர், கொஞ்சம் நிம்மதியோடுகூட, பிழை தன்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்ட மாதிரி. "குறிப்பைப் படிக்க மாட்டாங்களே."

"யாரு?"

"கம்பைலர்."

"நான் கம்பைலருக்கு எழுதலீங்க," என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பலகையின் முன்னால் நின்றார். அது பளிச்சென்று இருந்தது. அதைத் துடைப்பதில் அவர் என்றைக்குக் குறை வைத்திருக்கிறார்?

"என்ன எழுதியிருந்தே?"

"இப்ப எதுக்கு? பால் வாங்கிட்டு வந்துட்டீங்கல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. அவளுக்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். அந்தப் பலகை முன்னால் சாக்பீஸ் தொலைத்த பள்ளிப்பிள்ளை மாதிரி நின்றாரே, அந்த ஆசாமிக்காகவும்தான்.

முதல் தேதி அவள் போய்விட்டாள். நானும் வரட்டுமா என்று அவர் கேட்டார். ஸ்டேஷனில், ரயில் கிளம்ப நாலு நிமிஷம் இருக்கும்போது. "இருங்க, நான் மொதல்ல கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன்" என்றாள். ஆபீஸில் இப்போது புதிதாக ஒரு தகராறாம். ஒவ்வொரு கணுவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பை வேண்டும், எழுதினவர்களுடைய குறிப்பை அதில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று தோட்டக்காரர் பிடிவாதம் பிடிக்கிறாராம். "இடம் வீணாகும், அது யாருக்கு வேணும்?" என்று கேட்ட மேலாளரால் அன்றைக்குத் தூங்கவே முடியவில்லையாம். கடைசியில் பை வந்துவிட்டது. அதற்குள் போட அவருக்கு வீட்டில் ஒரு வரி இல்லை.

ஆக, இந்த இனத்தை இனிமேல் எங்கே கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்வீர்கள். 'எங்க வீட்டுக்காரர் அப்படியே இதேதான்', 'எங்க மேனேஜர் இதுல சேர்த்தி' என்று இப்போதே ஒரு பட்டியல்கூடப் போட்டிருப்பீர்கள். போடுங்கள். ஆனால் நடுவில் என் மனைவி வாசலில் வந்து நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனாளே, அது என்ன? 'அது கிடக்கட்டும்' என்று எழுதியவன் நான், ஒப்புக்கொள்கிறேன். கிடக்கட்டும் என்று தாண்டி வந்தவர்?

பேனாவை மூடிவிட்டேன். கண் டாக்டரிடம் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று அவளிடம் கேட்கப் போகிறேன். உங்களிடம் இன்று காலையில் யார் என்ன சொன்னார்கள்?