முதலில் காற்றுதான் வரும்

புதுச்சேரி மாநில எல்லையோரம், மடுகரைக்கு அப்பால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் மேட்டுத்தெருவுக்குக் குடிநீர் வழங்குவதென்று அரசு முடிவெடுத்தபோது, அந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்பதே அதற்கு இருந்த முழுத் தகுதி. விதி அப்படி. தண்ணீர் இல்லாத இடத்துக்கே மானியம். மேட்டுத்தெருவைவிடத் தகுதி வாய்ந்த தெரு அந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே கிடையாது.

சிந்தாமணிக்கு இதில் அவசரம் இருந்தது. அவளும் தெருவும் குடம் பிடிப்பது உலகநாதனின் கொல்லை மோட்டாரில். அவரோ, இந்தக் கரும்பு வெட்டு முடிந்ததும் கொல்லையை மனை போட்டு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"மோட்டாரையும் கழட்டிடுவேன் சிந்தாமணி. அதுக்குள்ள உன் கவர்மெண்டு தண்ணிய வரவழைச்சுக்கோ."

குழாய் புதைத்தார்கள். வாசலுக்கு வாசல் பளபளவென்று பைப்பு நின்றது. சிந்தாமணி திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"மொதல்ல காத்துதாம்மா வரும். பின்னாலதான் தண்ணி" என்றார் பொறியாளர் அரிகரன்.

"காத்தும் வரலியே சார்."

"அதுக்கு டேங்க் கட்டணும்."

டேங்க் கட்டுவதற்குள் விதி மாறியது. மானியம் போய்க் கடன் வந்தது. கடனைத் தண்ணீர்க் கட்டணத்தில்தான் அடைக்க வேண்டும். தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள்தான் கட்டணம் கட்டுவார்கள். ஆகவே, ஏற்கெனவே தண்ணீர் பயன்படுத்தி வரும் தெருவுக்கே தண்ணீருக்கான பணம் என்று சுற்றறிக்கை வந்தது. கையோடு வாசலுக்கு வாசல் மீட்டரும் வந்தது.

"தண்ணி இல்லன்னுதான சார் கேட்டோம்?"

"அது போன வருசத்து விதிம்மா. இப்ப தண்ணி இல்லாதது தகுதிக் குறைவு."

"நாங்க இப்ப இன்னா செய்யணும்?"

"மீட்டர் ஓடணும். ஓடினா பணம். பணம் வந்தா டேங்க். டேங்க் வந்தா தண்ணி."

"தண்ணி வந்தாத்தான சார் மீட்டரு ஓடும்?"

அரிகரன் மறுக்கவில்லை. நேர்மையான மனிதர். "வாஸ்தவம். ஆனா விதியில அதக் கேக்கலியே" என்றார்.

வழி காட்டியவை குளவிகள். சும்மா கிடந்த குழாய்க்குள் அவை குடியேறிவிட்டன. சிந்தாமணி போய்ப் பஞ்சர் கடை தேவேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் கம்ப்ரசரைக் கொண்டுவந்து, டேங்க் வரவேண்டிய முனையில் ஓஸ் குழாயைச் செருகிக் காற்றை விட்டான். பைப்பிலிருந்து குளவி பறந்தது. மீட்டரில் எண் நகர்ந்தது.

"யக்கோவ், ஓடுது பாரு!"

"டேய், நிறுத்தாதடா!" என்றாள் சிந்தாமணி.

அன்றிலிருந்து மேட்டுத்தெரு தண்ணீர் பயன்படுத்தத் தொடங்கியது. கணக்கெடுக்க வந்த அரிகரன் கம்ப்ரசரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பிறகு மீட்டரை மட்டும் பார்த்தார். 'பயன்பாடு திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டு தேவேந்திரனைத் தனியே அழைத்தார்.

"தெனமும் ஒரே அளவா ஊதாதப்பா. ஞாயித்துக்கெழம கொஞ்சம் கூட விடு. துணி தொவைக்கிற நாளு."

பில் வந்தது. தெரு முணுமுணுத்தது. "கட்டினாத்தான்டி கடன் குடுப்பான்" என்று சிந்தாமணியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். உள்ளிழுக்கும் காற்றுக்கு வரி இல்லாத நாட்டில், பைப்பு வழியாக வந்த காற்றுக்கு மேட்டுத்தெரு தவறாமல் கட்டணம் செலுத்தியது. கொம்யூனில் பாக்கி வைக்காத ஒரே தெரு என்று பெயரெடுத்தது.

கரும்பு வெட்டி முடிந்தது. உலகநாதன் சொன்னபடி மோட்டாரைக் கழற்றினார். தெருப் பெண்கள் எல்லை தாண்டிப் போய், தமிழ்நாட்டுக் குழாயில் வரிசையின் கடைசியில் நின்று குடம் பிடித்தார்கள். அந்த வாரம்தான் மேட்டுத்தெருவுக்குக் கேடயம் வந்தது. உயரதிகாரி ஒருவர் வந்து, கையோடு கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தண்ணீரில் தன்னிறைவு அடைந்த இந்தத் தெருவைப் பார்த்து மற்ற தெருக்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார்.

"டேங்க் எப்ப சார்?" என்றாள் சிந்தாமணி.

"தன்னிறைவு அடைஞ்ச தெருவுக்கு எதுக்கும்மா டேங்க்?" என்றார் அரிகரன். அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "விதி மறுபடியும் மாறிடுச்சு. இனிமே வளரும் பகுதிக்குத்தான் பணம். புதுசா வூடுங்க வரட்டும், எழுதிடறேன். ஊதறத மட்டும் விட்டுடாதீங்க."

உலகநாதன் மனைகளுக்குப் பலகை வைத்தார்: 'தண்ணீர்த் தன்னிறைவுத் தெரு அருகில்.' புதுச்சேரியிலிருந்து சிங்காரவேலு என்பவர் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். பணி ஓய்வுப் பணத்தில் வீடு கட்ட இடம் தேடுகிறவர். கெட்டிக்காரர், பலகையை நம்பாமல் நேராகச் சிந்தாமணியின் வாசலுக்கு வந்தார்.

"இங்க தண்ணி எப்பிடிம்மா?"

தெரு முழுக்க அவள் வாயையே பார்த்தது. எல்லை தாண்டித் தூக்கி வந்த குடம் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை அவள் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"மீட்டரு நிக்கவே நிக்காது சார்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. சிங்காரவேலு பைப்பைத் திறந்தார். புஸ் என்றது.

"காத்துதான வருது?"

"மொதல்ல காத்துதான் சார் வரும். பின்னாலதான் தண்ணி."

விவரம் தெரிந்தவர் அல்லவா, தலையாட்டினார். அங்கேயே உலகநாதனிடம் அட்வான்ஸ் கொடுத்தார். அவர் கார் திரும்புவதற்குள் சிந்தாமணி தேவேந்திரனுக்குப் போன் போட்டாள்.

"எப்பா, பெரிய கம்ப்ரசரா ஒண்ணு பாரு. வூடு கூடுது."