இருபத்தேழு கேள்விகளில் ஒரு தாம்பத்தியம்

ஒருவன் தன் பெண்டாட்டிக்கு நிஜமாகவே புருஷன்தானா என்பதை இருபத்தேழு கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று கொழும்பில் ஒரு காரியாலயம் தீர்மானித்தது. பிரஜாவுரிமைக்குச் சோடியாக விண்ணப்பம் போடுகிறவர்களில் பொய்ச்சோடிகள் இருக்கலாம் அல்லவா? ஆகவே டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு விசாரணை ஐயா ஒருவர் வந்து சேர்ந்தார். புருஷனைப் பள்ளிக்கூடத்திலும் மனைவியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவிலும் உட்காரவைத்து, மாறி மாறிப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டார். விடைகள் பொருந்தினால் தம்பதி. பொருந்தாவிட்டால் இரண்டு தனி ஆட்கள். தனி ஆட்களை இந்தியாவுக்கு எந்தெந்தக் கப்பலில் ஏற்றுவது என்பது பின்னர் ஆலோசிக்கப்படும்.

நல்லமுத்து தைரியமாகத்தான் போனான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் பூரணியை விட்டு ஒரு நாள் இருந்ததில்லை.

“உமது மனைவி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்து உறங்குவார்?”

“மலையில வேல செஞ்சுட்டு வந்து படுத்தா நானும் தூங்கிருவேனுங்களே. எப்பிடிங்க பாக்குறது?”

“சாப்பிடும்போது முதலில் எதைத் தொடுவார்?”

“பேசிக்கிட்டே சாப்புடுவோமுங்க. கவனிக்கல.”

“கடைசிக் கேள்வி. உம்மிடம் அவரால் சகிக்க முடியாதது எது?”

“அப்பிடி ஒண்ணும் சொன்னதில்லீங்களே.”

பிள்ளைக் காம்பராவில் பூரணியும், “அவருகிட்ட என்னங்க கொறை?” என்று சொல்லிவைத்தாள். ஐயா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘ஒருவர் குறை மற்றவருக்குத் தெரியவில்லை. ஆதலால் முன்பின் பரிச்சயமற்றவர்கள் எனக் கருத இடமுண்டு. மூன்று மாதத்தில் மறுவிசாரணை.’ பூரணி ஒரு கப்பலிலும் தான் ஒரு கப்பலிலும் போவதை நினைத்து நல்லமுத்து அவள் கையை விடாமலே தாங்கள் குடியிருந்த காம்பராவுக்கு வந்தான்.

பக்கத்துக் காம்பரா சிவசாமியும் வேலாயியும் பேச்சை நிறுத்தி ஐந்து வருஷம். அவசரமென்றால் கோழியைக் கூப்பிட்டு அதனிடம் சொல்வார்கள். அவர்களுக்கு இருபத்தேழும் பொருந்தின.

“தேத்தண்ணிய பதினேழு தடவ உறிஞ்சுவாருங்க” என்றாள் வேலாயி.

“பதினேழுதானுங்க” என்றான் சிவசாமி. “அவ எண்ணுறது எனக்குத் தெரியும்.”

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ‘ஈருடல் ஓருயிர்’ என்று குறிப்பெழுதிக் கையோடு சிபாரிசும் செய்தார்.

நல்லமுத்து சிவசாமியிடம் ஓடினான். “எப்பிடிண்ணே?”

“பிரியமாப் பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. குத்தம் கண்டுபுடிக்கிற மாதிரி பாரு. ஒரு வாரத்துல படிஞ்சிரும்.”

சேதி பரவி, தோட்டமே படிக்க வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவசாமியும் வேலாயியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பு நடத்தினார்கள்.

நல்லமுத்துவும் பூரணியும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். இரண்டாம் வாரம், கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் அவள் ஒரு பெருமூச்சு விடுவதை அவன் கண்டுபிடித்தான். அவன் மெல்லும்போது ஒரு சத்தம் வருவதை அவள் கண்டுபிடித்தாள். எட்டு வருஷமாகக் காதில் விழாத அந்தச் சத்தம், இப்போது அவள் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாலும் கேட்டது.

“மாடு அசை போடுற மாதிரி இருக்கு. மெதுவாத் திங்க முடியாதா?”

“நீ பெருமூச்சு விடாமப் பேச முடியாதா?”

“அதையும் எண்ணிட்டீங்களா?”

“பரீட்சைக்குத்தானே புள்ள.”

“நானும் பரீட்சைக்குத்தான் சொன்னேன்.”

மூன்றாம் மாதம் பரீட்சைப் பேச்சும் நின்றது, மற்றப் பேச்சும் நின்றது. நல்லமுத்து ஒரு கோழி வாங்கினான்.

மறுவிசாரணையில் இருபத்தாறும் பொருந்தின. கடைசிக் கேள்விக்கு, “நான் திங்கிற சத்தமுங்க” என்றான் நல்லமுத்து. பிள்ளைக் காம்பராவில் பூரணி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அதையே சொன்னாள். ஐயா எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

“இக்கேள்விகளை என் இல்லத்தரசியிடமும் பரீட்சித்தேன்” என்றார் பெருமையாக. “இருபத்தேழுக்கு இருபத்தேழு.”

நல்லமுத்துவுக்கு முதல்முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த அன்றே பூரணி மூட்டையைக் கட்டிக்கொண்டு றொசல்லவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சொல்லாமல் போகவில்லை. கோழியிடம் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நியாயம் கேட்க அவன் சிவசாமியிடம் ஓடினான். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு நடத்தப் போய்ப் பேச நேர்ந்து, பேசப் போய்ப் பழகிவிட்டதாம். பத்திரம் கொடுக்குமுன் நடந்த கடைசிச் சரிபார்ப்பில் எத்தனை உறிஞ்சல் என்று ஐயா கேட்டதற்கு, “எண்ண மறந்துட்டேங்க” என்று வேலாயி சொல்லிவிட்டாள். விண்ணப்பம் தள்ளுபடி.

“எங்களக் கப்பலேத்துறாங்க தம்பி” என்றான் சிவசாமி. “ரெண்டு பேருக்கும் ஒரே கப்பல்தானான்னு வேலாயி கேட்டுட்டா. ஒரே கப்பல்தானாம்.”

அந்தத் தோட்டத்தில் மெய்யான தம்பதிகள் பதினாறு சோடி என்று கொழும்புக்கு அறிக்கை போயிற்று. அந்தப் பதினாறு சோடியும் சோறு பொங்கிய அடுப்புகள் முப்பத்திரண்டு. அடுப்பை எழுதுவதற்கு அறிக்கையில் இடம் விடப்படவில்லை.

நல்லமுத்து பத்திரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, தானே சுட்ட ரொட்டியைத் தின்ன உட்கார்ந்தான். காம்பராவில் வேறு சத்தமே இல்லை. பூரணி சொன்னது பொய்யில்லை. அவனாலும் அதைச் சகிக்க முடியவில்லை.